நாலு லிட்டர் கம்ப்யூட்டர்

திரையின் மூலையில் தொண்ணூற்றெட்டு என்று வந்தது. கர்ட் ஹால்வர்சன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்னும் எந்த விளையாட்டையும் தொடங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டர், தண்ணீர் கொதிக்க இரண்டே டிகிரி பாக்கி என்கிற நிலையில் இருந்தது.

"என்ன, வேலை செய்யுதா?" என்று சமையலறையிலிருந்து ஹெய்டி கேட்டாள்.

"பிரமாதமா செய்யுது" என்றான் கர்ட்.

"சூடு கீடு ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே."

பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் அவன் அவளிடம் பெரிதாகப் பொய் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது என்பதுதான் காரணம்.

கர்ட்டுக்கு மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் கவுண்டி அலுவலகத்தில், அதாவது மாவட்ட ஆபீஸில், உத்தியோகம். வாகனப் பதிவு கவுண்டர். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை, டோக்கன் எடுத்துக் காத்திருந்து கடுப்பானவர்கள் ஒவ்வொருவராக வந்து அவனைத் திட்டிவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வந்ததும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் ராட்சசர்களோடு சண்டை போடுவான். ராட்சசர்கள் நெருப்பைக் கக்கினார்களே தவிர, "உன் மேலதிகாரியைக் கூப்பிடு" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் தன்னை மனுஷனாக வைத்திருக்கிறது என்று அவன் நம்பினான். அது உண்மையும்கூட.

இப்போது அந்தப் பின்னறைக்கு ஆபத்து வந்துவிட்டது. ஹெய்டியின் அம்மா வெர்னா, பெமிட்ஜியில் இருந்த வீட்டை விற்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இவர்களோடு தங்க வருகிறார். பின்னறை அவருக்கு. கர்ட்டின் பழைய கம்ப்யூட்டரோ கிட்டத்தட்ட துணி துவைக்கும் மெஷின் உயரம்.

"ஹாலோட கோடியில துண்டு அலமாரி இருக்குல்ல, அதுல ஒரு தட்டு உனக்கு" என்று ஹெய்டி தீர்ப்புச் சொல்லியிருந்தாள். "அதுக்குள்ள அடங்கணும். சத்தம் வரக்கூடாது. சுத்தி எல்லாம் துண்டு, அதனால சூடு ஆகவே கூடாது. இதுல ஏதாவது ஒண்ணு தப்புனாலும், அந்தத் தட்டுல அம்மாவோட கம்பளி நூல் ஏறிடும்."

பழையதை விற்று, அந்தப் பணத்தில் கர்ட் இந்தக் குட்டியைக் கட்டினான். குட்டிக் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் ஒரு தனி இனம். பெட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு மரியாதை. வீட்டுக்குப் பாலை கேலன் கணக்கில் வாங்கி வருகிற அதே ஆட்கள், கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் லிட்டரில்தான் அளப்பார்கள். சூட்டையும் விஞ்ஞானிகள் மாதிரி, நூறு என்றால் தண்ணீர் கொதிக்கும் என்கிற கணக்கில்தான் பேசுவார்கள். கர்ட்டுடையது நாலு லிட்டர். ஒரு ரொட்டிப் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்குள் பழைய கம்ப்யூட்டரைவிட இரண்டு மடங்கு வேகம். ஏழு பேர் படுக்கிற கூடாரத்தில் எழுபது பேரைப் படுக்கவைத்த கதைதான்.

அந்த இனத்தவர் கூடுகிற இணையக் குழுவில் கர்ட் முறையிட்டான். "சும்மா இருக்கும்போதே 98. உதவி தேவை."

"பசையை எவ்வளவு தடவின?" என்று இரும்புமூக்கன் என்ற பெயரில் ஒருவர் கேட்டார்.

சிப்புக்கும் அதன் தலையில் உட்காரும் உலோகத்துக்கும் நடுவில், சூட்டைக் கடத்துவதற்காக ஒரு சாம்பல் நிறப் பசை தடவுவார்கள். கர்ட் பட்டாணி அளவு தடவியிருந்தான்.

"பட்டாணியா? நீ என்ன சமையலா பண்றே? பூரா பூசணும்."

கர்ட் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, பூராவும் பூசினான். பசை வழிந்து சட்டைக் கையில் ஏறி, அங்கிருந்து ஹெய்டியின் மேஜை விரிப்புக்கு இறங்கியது. திரும்ப மாட்டினான். தொண்ணூற்றொன்பது.

"ஆனா பெட்டியைத் தொட்டா ஜில்லுன்னுதான் இருக்கு. ஃபேன்கூட சத்தமே போடல" என்று எழுதினான்.

இரும்புமூக்கன் உடனே பதில் போட்டார். "ஐயோ, அதான்யா மோசம். சூடு வெளியே வர வழியில்லாம உள்ளேயே அடைஞ்சு கிடக்கு. பெட்டிக்குக் காத்து வேணும். ஓட்டை போடு."

இப்படி அறிவுபூர்வமாக விளக்கினால் யார்தான் நம்பமாட்டார்கள்?

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு டுவெயின் வந்தான். டுவெயினுக்கு உலகில் தெரிந்த ஒரே வைத்தியம் ஓட்டை போடுவது. குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து மீன் பிடிப்பான். கர்ட் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், ஆள் உயரத் துளைக்கருவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"யோவ், இது ஏரி இல்ல, கம்ப்யூட்டர்" என்றான் கர்ட்.

"ஓட்டைன்னியே?"

"சின்ன ஓட்டைப்பா."

டுவெயின் முகம் வாடிப் போய், சின்ன டிரில்லை எடுத்து வந்தான். பெட்டியின் மேல்மூடியில் மூன்று வரிசையாகப் பன்னிரண்டு ஓட்டை விழுந்தது. மனசாட்சியோடு சொல்வதானால் அழகாகத்தான் இருந்தது.

"போதும்பா, மாட்டிப் பார்ப்போம்" என்று கர்ட் மூடியை மாட்டினான்.

"இரு இரு. நடுவுல ஒண்ணு இல்லாம பார்க்க நல்லா இல்ல."

மாட்டிய மூடியில் டுவெயின் பதிமூன்றாவது ஓட்டையைப் போட்டான். டிரில் தகட்டைத் தாண்டி உள்ளே போய், ஃபேனின் இறக்கை ஒன்றைக் கொண்டுபோனது. 

"பன்னெண்டோட நிறுத்தியிருக்கலாம்" என்றான் டுவெயின்.

"நான் சொன்னேன்."

"நீ அழுத்திச் சொல்லல."

ஓர் இறக்கை இல்லாத ஃபேன் சுற்றியது. சுற்றும்போது டகடகவென்று பெட்டியையே உதறியது. கர்ட் அதை அலமாரியில், துண்டுகளுக்கு நடுவில் வைத்தான். திரை நூற்று நான்கு என்றது.

ஹெய்டி துவைத்த துணிகளோடு வந்து அலமாரி முன்னால் நின்றாள். "உள்ள யாராவது டைப் அடிக்கிறாங்களா?"

"புதுசுல்ல. பழகணும்."

"மேல என்ன, ஓட்டையா?"

"காத்துக்கு."

ஹெய்டி ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு, "வித்தியாசமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மினசோட்டாக்காரர்கள் கத்தமாட்டார்கள். பாத்திரத்தை எறியமாட்டார்கள். ஒருவர் சமைத்தது வாயில் வைக்க வழங்காவிட்டாலும், ஒருவரின் மகன் ஜெயிலுக்குப் போய்விட்டாலும், "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். அதற்கு மேல் அவர்கள் அகராதியில் கெட்ட வார்த்தை கிடையாது. 

சத்தம் கூடாது என்று கர்ட் ஃபேனை நிறுத்திப் பார்த்தான். எண் மளமளவென்று ஏறியது. நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டபோது ஒரே தாவலில் பிளக்கைப் பிடுங்கினான்.

"நூத்திப் பன்னெண்டா?" என்று இரும்புமூக்கன் எழுதினார். "நூத்தஞ்சுலயே சிப் தானா செத்துப்போகும். உன்னுது எந்த அடுப்புல வார்த்தது? எதுக்கும் பக்கத்துல துணிமணி எதையும் வைக்காதே."

கர்ட் திரும்பிப் பார்த்தான். குளியல் துண்டு ஒன்பது, கைத்துண்டு பதினொன்று, விருந்தாளிகளுக்காக வெர்னாவே பூவேலை செய்து கொடுத்த துண்டு நாலு. அலமாரிக்குப் பக்கவாட்டில் வெர்னா படுக்கப்போகும் அறை. வீடு எரிந்து, அந்த அம்மாள் இரவு உடையில் பனியில் நிற்கிற காட்சி அவன் கண் முன்னால் வந்தது. நிஜமாகவே அவனுக்குப் பயமாக இருந்தது. அப்போதே ஹெய்டியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் தட்டு போகும், தட்டு போனால் அந்த ஒரு மணி நேரம் போகும், மிச்சம் இருப்பது வாகனப் பதிவு கவுண்டர் மட்டும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஹெய்டி அம்மாவை அழைத்துவரக் காரில் கிளம்பினாள்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடுவோம். அதுக்குள்ள அந்த டைப்ரைட்டர் வாயை மூடியிருக்கணும்" என்றாள்.

"மூடிடும்."

"கர்ட், ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"நீ பத்திரமா போயிட்டு வா."

கார் தெருமுனை திரும்புவதற்கும் டுவெயின் பின்வாசல் வழியாக நுழைவதற்கும் சரியாக இருந்தது.

"யோசிச்சுப் பார்த்தேன்" என்றான் டுவெயின். "வெளியே என்ன குளிரு?"

"பூஜ்யத்துக்குக் கீழே பதினஞ்சு."

"அவ்வளவு குளிரை வாசல்ல சும்மா நிறுத்திவச்சுட்டு, நீ உள்ள ஃபேனுக்கு அழுதுட்டு இருக்கே. மினசோட்டா மாநிலம் பூரா உனக்கு ஃப்ரிட்ஜு. குழாயை வச்சு உள்ள இழு."

அந்த அலமாரியின் பின்பக்கம் வீட்டின் வெளிச்சுவர். துணி உலர்த்தும் மெஷினின் புகைக்குழாய்க்காகச் சுவரில் வட்டமாக ஓட்டை போடும் ரம்பம் டுவெயினிடம் இருந்தது. அவனிடம் இல்லாத ஓட்டைக் கருவி எது? பத்து நிமிடத்தில் அலமாரியின் முதுகில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வானம் தெரிந்தது. அதில் வெள்ளிநிறக் குழாயைச் செருகி, மறுமுனையைக் கம்ப்யூட்டரின் பதிமூன்று ஓட்டைகளுக்கு மேல் கவிழ்த்து, நடுவில் டுவெயினின் மீன்பிடி கூடாரத்து ஃபேனை வைத்து இறுக்க டேப் சுற்றினார்கள்.

எண் இறங்க ஆரம்பித்தது. தொண்ணூறு. எழுபது. ஐம்பத்தைந்து. கர்ட் விளையாட்டைத் தொடங்கினான். ராட்சசர்கள் வந்தார்கள், நெருப்பைக் கக்கினார்கள். எண் நாற்பத்தொன்றில் போய் நின்றது.

கர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. டுவெயினைக் கட்டிப்பிடித்தான். இருவரும் உடனே வெட்கப்பட்டு விலகி, வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

"விளையாடும்போது 41" என்று கர்ட் குழுவில் போட்டான். நாலு லிட்டரில் நாற்பத்தொன்றா என்று குழுவே எழுந்து நின்றது. இரும்புமூக்கன், "குருவே" என்று ஒரே வார்த்தை எழுதினார். கர்ட்டை வாழ்க்கையில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஹாலில் மூச்சு விட்டால் புகை வந்தது. கர்ட் கோட்டு, குல்லா, கையுறையோடு சாயங்காலம் வரை விளையாடினான். படுக்கப் போகும்போதும் குழாயை மூட மனம் வரவில்லை. மூடினால் மறுபடி சூடேறித் துண்டில் பற்றிக்கொண்டால்? பாதுகாப்பு முக்கியம் என்று திறந்தே விட்டுவிட்டுப் போர்வைக்குள் புகுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறைக் குழாயைத் திறந்தான். தண்ணீர் வரவில்லை. சமையலறையில் திறந்தான். அங்கேயும் இல்லை. வீட்டுக்குள் வரும் தண்ணீர்க் குழாய், அந்த அலமாரிக்குப் பின்னால்தான் சுவருக்குள் ஏறிப் போகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"உறைஞ்சுபோச்சு" என்றான் டுவெயின், சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு.

"இப்ப என்ன பண்றது?"

"சுவர்ப் பலகையில ஓர் ஓட்டை போட்டா, உள்ள சூடு காட்டலாம்."

"வேற வைத்தியமே கிடையாதா உனக்கு?"

"உனக்கு வேற ஏதாவது தெரியுமா?"

கர்ட்டுக்குத் தெரியவில்லை. வெள்ளிநிறக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டை போட்டார்கள். ஹெய்டியின் ஹேர் டிரையரை உள்ளே நீட்டிக் குழாயைச் சூடுபடுத்தினார்கள். அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சுவருக்குள் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி சத்தம் வந்தது.

"வந்துடுச்சு" என்றான் டுவெயின் பெருமையாக.

தண்ணீர் வந்துதான் விட்டது. பனிக்கட்டியாக இருந்தபோது குழாயைப் பிளந்து வைத்திருந்தது, இப்போது அந்தப் பிளவு வழியாக வந்தது. முதல் பீச்சல் டுவெயின் முகத்தில். அடுத்தது கம்ப்யூட்டரின் பதிமூன்று ஓட்டைகளிலும் வரிசை தவறாமல் இறங்கியது. உள்ளே நீலமாக ஒரு பொறி. அதற்குப் பிறகு அந்த நாலு லிட்டர் பெட்டிக்குள் நிஜமாகவே நாலு லிட்டர் இருந்தது. கர்ட் அடித்தளத்துக்கு ஓடித் தண்ணீரை அடைப்பதற்குள் ஹால் முழுக்கக் குளமாகிவிட்டது. பூவேலைத் துண்டு நாலும் மிதந்தன.

அப்போதுதான் வாசற்கதவு திறந்தது.

ஹெய்டி முன்னால் நின்றாள். அவள் பின்னால் வெர்னா, கையில் மூடிபோட்ட சூடான உருளைக்கிழங்குப் பதார்த்தத்தோடு. இருவரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அலமாரியைப் பார்த்தார்கள். அதன் முதுகு வழியாக டுவெயின் வீட்டு கராஜைப் பார்த்தார்கள்.

"சரி" என்றாள் ஹெய்டி மெதுவாக. "இது ரொம்ப வித்தியாசமா இருக்கு."

டுவெயின் தன் டிரில்லை எடுத்துக்கொண்டு, "நான் அடுப்புல ஏதோ வச்சுட்டு வந்தேன்" என்று பின்வாசல் வழியாக மறைந்தான்.

கர்ட் ஈரத் துடைப்பத்தோடு நின்றான். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

"ஹெய்டி, நான் சொல்லியிருக்கணும். அது முதல் நாள்லேருந்தே பயங்கரச் சூடு. சும்மா இருக்கும்போதே கொதிக்கிற சூடு. சுத்திலும் துண்டு. பக்கத்துலயே அத்தை படுக்கப்போற ரூம். நடு ராத்திரியில பத்திக்கிட்டா அத்தை கதி என்ன? அதை எப்படியாவது தணிக்கணும்னுதான் இவ்வளவும். என் விளையாட்டுக்காகவும்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா நிஜமாவே பயந்துட்டேன்."

ஹெய்டி ஷூவைக் கழற்றப் போனாள். தரையைப் பார்த்துவிட்டு, கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"வீடு எரிஞ்சிருக்கும்கிறியா?"

"நிச்சயமா."

"அம்மாவுக்காகத்தான் சுவத்துல ஓட்டை போட்டியா?"

"பெரும்பாலும்."

ஹெய்டி பெருமூச்சு விட்டாள். அவள் முகம் இளகுவதைக் கர்ட் பார்த்தான். "முட்டாள். வாயைத் திறந்து சொன்னா என்ன? எரிஞ்சுபோறதுக்கு நனைஞ்சுபோனது மேல். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கறேன். கராஜ்ல என் தையல் மேஜை சும்மாதானே கிடக்கு. அங்க பெருசா ஒண்ணு வச்சுக்கோ. குட்டி வேண்டாம். பெருசா, சூடாகாததா."

 கராஜ் என்றால் கதவுள்ள கராஜ். தாழ்ப்பாள்கூட உண்டு. ஒரு மணி நேரம் என்ன, இரண்டு மணி நேரம்கூட விளையாடலாம்.

"நீங்க சொன்னா நம்பமாட்டீங்க அத்தை" என்றான் கர்ட், உற்சாகத்தில் போனை எடுத்து. "பார்ட்டு கொடுத்த கடைக்காரன்கிட்ட காட்டறதுக்காக முதல் நாளே திரையைப் போட்டோ எடுத்து வச்சேன். பாருங்க, எவ்வளவு சூடுன்னு."

வெர்னா பதார்த்தத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு, பக்கத்துலயே பொடிசா எஃப்னு போட்டிருக்கே மாப்பிள்ளை" என்றார். "முப்பத்தொரு வருஷம் ஸ்கூல்ல நர்ஸா இருந்தேன், தெர்மாமீட்டர்ல இந்த எண்ணோட வயித்துவலின்னு வந்து நின்ன அத்தனை பிள்ளைகளையும் உனக்கு ஒண்ணும் இல்லேன்னு கிளாஸுக்குத் திருப்பி அனுப்பியிருக்கேன்."